காய்த்த குரல்

எங்கள் வீட்டில் யாருக்கும் மெல்லிய குரல் கிடையாது. சுங்காய்க்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். நாலு நிரை தள்ளி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அன்றைக்குக் கையில் போனா இருந்தது? தொண்டைதான். வேலை முடிந்து லயத்துக்கு வந்தால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். எல்லா வீட்டு வானொலியும் எல்லாப் பிள்ளைகளின் அழுகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதற்கு மேலே எழும்பினால்தான் நாம் சொல்வது நமக்கே கேட்கும். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம். சுவர் கல்லாக மாறியது, குரல் மட்டும் லயத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஊறுகாயை நகர்த்தச் சொன்னாலும் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட வீட்டில் அண்ணன் மகளின் குரல் கரகரத்தபோது யாரும் அதை ஒரு கோளாறாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாட்டி தொண்ட அவளுக்கு" என்று சிரித்தார்கள். நாங்கள் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஏழு வயதில் தொடங்கியது. காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதி குரல், பாதி காற்று. சாயங்காலம் பாடச் சொன்னால் மேலே போகிற இடத்தில் குரல் அறுந்து வெறும் மூச்சு மட்டும் வரும். சளி என்றார்கள். ஐஸ் காச்சாங் என்றார்கள். தேனில் மிளகுத் தூள் குழைத்துக் கொடுத்தார்கள். கற்பூரவல்லிச் சாறு, பனங்கற்கண்டு, எல்லாம் ஆயிற்று.

ஒன்பது வயதுக்குள் அந்தக் குரலுக்கு ஊரில் பெயர் விழுந்துவிட்டது. "என்ன இது, ஆம்பளப் பிள்ள குரலு?" என்று கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா கேட்டார். டியூஷனில் பையன்கள் அவளை "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். கோயில் தேவார வகுப்பில் பின்வரிசைக்குப் போனாள், பிறகு போகவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் டியூஷன் ஆசிரியர் அண்ணனிடம் சந்தோஷமாகச் சொன்னாராம்: "இப்பல்லாம் பாப்பா நல்லா அடங்கிட்டா சார்."

அண்ணியும் அதை என்னிடம் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். பள்ளி விடுமுறைக்கு ஈப்போவில் என் வீட்டில் வந்து தங்கியபோதுதான் அந்த அடக்கம் என்னவென்று தெரிந்தது. பசியாறக் கடைக்குப் போனால் சுவரில் இருக்கும் படத்தைக் கைகாட்டுவாள். கேட்ட கேள்விக்குத் தலையசைப்பு. ரெண்டாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் சொன்னாள்: "அத்தை, நான் பேசுனா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க."

அரசாங்க கிளினிக்கில் காட்டி, அவர்கள் கொடுத்த கடிதத்தோடு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனோம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள். சரியாகக் கேட்காத பிள்ளை தன் குரலும் கேட்காமல் உரக்கப் பேசிப் பேசியே தொண்டையைக் கெடுத்துக்கொள்ளும். காதில் குறையில்லை. பிறகு மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, நுனியில் இருக்கும் கேமராவால் குரல்வளையைத் திரையில் காட்டினார்கள். மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் 1854-இல் பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார், அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதி அனுப்பினார். ஒரு பாட்டு வாத்தியாரின் ஆசையில் தொடங்கிய வேலை, இன்றைக்குச் சுங்காய்ப் பிள்ளையின் தொண்டைவரை வந்திருக்கிறது.

திரையில் வெள்ளையாக இரண்டு பட்டைகள், வி வடிவில். மூச்சு இழுத்தால் விலகும், "ஈ" சொன்னால் சேரும். சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் நேருக்கு நேராக, அரிசிக் குருணைபோல ஒரு மேடு. அந்த மேடுகள் முட்டிக்கொள்வதால் மீதி இடம் மூடாமல் காற்று ஒழுகுகிறது. கரகரப்பும் மூச்சுக் காற்றும் அதனால்தான். மருத்துவர் மலாயில் விளக்கியதை அண்ணிக்குத் தமிழில் சொல்ல எனக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. "காய்ப்பு அண்ணி. கை காய்ச்சுப் போவுமே, அந்த மாதிரி." அண்ணி சட்டென்று புரிந்துகொண்டார். அம்மாவின் வலது உள்ளங்கையில் உளி பிடித்த காய்ப்பும், தோளில் காண்டா வாளி சுமந்த காய்ப்பும் எங்கள் வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்த்தவை.

ஒரு பிள்ளை சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் நொடிக்கு 250 முறைக்கு மேல் சேர்ந்து விலகுகின்றன. கத்தும்போது இன்னும் வேகமாக, இன்னும் பலமாக மோதும். அதிர்கிற பகுதியின் நடுவில்தான் அடி அதிகம், அதனால் அங்கேதான் காய்க்கிறது. பெரியவர்களின் குரல்நாணில் இருக்கும் அடுக்குகள் பிள்ளைகளுக்கு இன்னும் முழுதாக அமைந்திருக்காது, பதின்ம வயதில்தான் முதிரும். பிள்ளைகளின் நாள்பட்ட கரகரப்புக்கு இந்தக் காய்ப்புதான் முதன்மைக் காரணம். ஆனால் எல்லாக் கரகரப்பும் இதுவல்ல. நீர்க்கட்டி இருக்கலாம், வைரஸால் வரும் மருக்கள் இருக்கலாம், ஒரு பக்க நாண் அசையாமல் இருக்கலாம். வாரக்கணக்கில் நீடிக்கும் கரகரப்பை உள்ளே பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது. கரகரப்போடு மூச்சுத் திணறலும் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அண்ணன் லோரி ஓட்டுநர், செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகிறவர். அன்றைக்கு ஒரு நடை சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். நேராகக் கேட்டார்: "அறுத்து எடுத்துட முடியாதா?" பிள்ளைகளுக்கு அதை முதல் வழியாகச் செய்வதில்லை. பேசும் பழக்கம் மாறாவிட்டால் அறுத்த இடத்திலேயே திரும்பக் காய்க்கும். அடுத்த கேள்வியும் நியாயமானதுதான்: "பெரியவளானா தானா சரியாயிடும்னு சொல்றாங்களே?" பருவ வயதில் குரல்வளை வளரும்போது பலருக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, குறைந்துவிடுவது உண்மை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நாலைந்து வருஷம். வாயைத் திறக்காமல் கடக்கிற நாலைந்து வருஷத்தில் குரல்நாண் ஆறலாம். அந்தப் பிள்ளை என்னவாக வெளியே வருவாள்?

மருத்துவர் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பினார். தேதி வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் அண்ணன் ஒரு தாளில் "கத்தக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டார். பாப்பா அதை முழுமனதோடு கடைப்பிடித்தாள். வீட்டிலும் கிசுகிசுவென்று மட்டும் பேசத் தொடங்கினாள்.

சிகிச்சையாளர் முப்பது வயதுகூட ஆகாத மலாய்ப் பெண். பாப்பா அவரைத் தீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். அவர் அவளிடம் முதலில் கேட்டது, "நாள் முழுக்க நீ யாரிடமெல்லாம் பேசுவாய்?" பாப்பா யோசித்து மூன்று விரல் காட்டினாள். அம்மா, பாட்டி, பூனை. அவர் எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "நான் இவளைக் குறைவாகப் பேச வைக்க வரவில்லை. நிறையப் பேச வைக்கத்தான் வந்திருக்கிறேன்." கிசுகிசுப்பு ஓய்வாகாது என்றும் விளக்கினார். இறுக்கி முக்கி கிசுகிசுக்கும்போது தொண்டைத் தசைகள் இன்னும் முறுக்கிக்கொள்ளலாம். அடிக்கடி செருமுவதும் அப்படித்தான், ஒவ்வொரு செருமலும் காய்ப்பின்மேல் ஓர் அடி.

இந்தச் சிகிச்சையின் கஷ்டமே இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மிடையே ஒரு பெண் பிள்ளையிடம் "மெதுவாப் பேசு" என்று சொல்ல மருத்துவர் தேவையில்லை. பிறந்ததிலிருந்து சொல்கிறோம். "சத்தம் போடாத", "பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்ளோ தொண்ட", "நாலு பேருக்குக் கேக்கும்". மருத்துவம் சொல்லும் "கத்தாதே"யும் ஊர் சொல்லும் "பேசாதே"யும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. பிள்ளைக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? டியூஷனில் பாராட்டும் கிடைத்துவிட்டால் தான் குணமாகிக்கொண்டிருக்கிறோம் என்றே அது நினைத்துக்கொள்ளும். இதே காய்ப்பு ஒரு பையனுக்கு வந்திருந்தால் "சிங்கக் குரல்" என்று மேடையேற்றியிருப்பார்கள். அதுவும் அவனுக்கு நல்லதில்லை, தொண்டை இன்னும் புண்ணாகியிருக்கும். ஆனாலும் அவன் பேசிக்கொண்டிருந்திருப்பான்.

பயிற்சி என்று பார்த்தால் விளையாட்டு மாதிரிதான். அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரோவை வைத்து, "ஊ" என்று சத்தத்தோடு குமிழி விட வேண்டும். உதட்டை மூடி "ப்ர்ர்ர்" என்று அதிர வைக்க வேண்டும். அப்பா லோரி மேட்டில் ஏறுகிற சத்தம் என்று பாப்பாவே அதற்குப் பெயர் வைத்தாள். இதற்குப் பின்னால் கணக்கு உண்டு. இங்கோ டிட்சே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். வாய்ப் பக்கம் பாதி அடைபட்டிருக்கும்போது திரும்பி வருகிற காற்றழுத்தம் குரல்நாண்களைச் சற்றே விலக்கிப் பிடிக்கிறது. மோதல் குறைந்து சத்தம் வருகிறது. குமிழி விடுகிற பிள்ளைக்கு அழுத்தம் பற்றித் தெரிய வேண்டியதில்லை. "தொண்ட வலிக்கல அத்தை, ஆனா சத்தம் வருது" என்று பாப்பா ஆச்சரியப்பட்டாள்.

அடுத்த படி "ம்" என்று முனகுவது. உதடும் மூக்குத் தண்டும் கூசுவதுபோல அதிர வேண்டும். அந்தக் கூச்சத்தை விடாமல் சொற்களுக்குப் போக வேண்டும். சிகிச்சையாளரிடம் இருந்த தாள்களில் மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் இருந்தன, தமிழ் இல்லை. வீட்டில் பாட்டியோடும் பூனையோடும் தமிழில் பேசுகிற பிள்ளை மலாயில் மட்டும் பழகினால் அந்தப் பழக்கம் வீட்டுக்குள் வருமா? நான் ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும்தான் ஞாபகம் வந்தது, நம் இலக்கணம் இந்த வேலையை எப்போதோ செய்து வைத்திருக்கிறது. ங, ஞ, ண, ந, ம, ன என்று ஆறு எழுத்தைத் தனியாகப் பிரித்து மெல்லினம் என்று பெயர் வைத்து, அவை மூக்கில் பிறக்கின்றன என்று நன்னூல் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த பாடம். அம்மா, மாமா, மணி, மாங்காய், நிலா, மீன், முருகன், மாரியம்மா என்று இரண்டு பக்கம் நிறைந்தது. "மோட்டாரு" என்று பாப்பா தானாகச் சேர்த்தாள். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களைப் பிறகு வைத்துக்கொண்டோம். "ஏய்!" என்று ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், தொண்டையில் ஒரு கதவு படாரென்று சாத்தித் திறப்பது தெரியும். காய்ப்பு விழுவது அந்தக் கதவில்தான்.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்து பிறக்கும் இடங்களை எட்டாக எண்ணுகிறது: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். இதில் மிடறுதான் தொண்டை. இன்றைக்கு அந்தச் சொல்லைத் தண்ணீருக்கு மட்டும் வைத்திருக்கிறோம், ஒரு மிடறு தண்ணீர் என்று. பாப்பாவின் முதல் மருந்தும் அதுதான். பள்ளிக்குப் போத்தல் கொண்டுபோய் அடிக்கடி ஒவ்வொரு மிடறு. குடிக்கிற தண்ணீர் குரல்நாண்மேல் படுவதில்லை, பட்டால் புரையேறிவிடும். உடம்பு முழுக்க ஈரமாக இருந்தால்தான் நாண்களும் ஈரமாக இருக்கும். தேனும் மிளகும் காய்ப்பைக் கரைக்காததற்குக் காரணமும் இதுவே. அவை போகிற பாதை வேறு. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இத்தன வருஷமா நான் யாருக்கு மிளகு இடிச்சேன்?" என்று கேட்டார்.

மூன்றாவது தடவை போனபோது சிகிச்சையாளர் வீட்டைப் பற்றி விசாரித்தார். "உங்கள் வீட்டில் முதலில் சத்தம் போடுவது யார்?" பாப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செமுவா." எல்லாரும். அண்ணன் காதுவரை சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்தினார். அதன்பின் வீட்டுக்கும் பயிற்சி வந்தது. சாப்பிடும்போது டிவி அணைய வேண்டும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கத்திக் கூப்பிடக் கூடாது, எழுந்து போய்ப் பேச வேண்டும். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட இரண்டு தட்டு கைத்தட்டல். தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தொங்கவிட்ட இரும்பை அடிப்பார்கள், கங்காணி தொண்டையைக் கெடுத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னார். அந்த மரியாதை அவருடைய தொண்டைக்கு யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீடு மாறுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஆறிலிருந்து பத்து வயதுவரை உள்ள, இதே காய்ப்புள்ள பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குரல் பயிற்சி நேரடியாக. இன்னொரு குழுவுக்குக் குரலைக் காக்கும் பழக்கங்களும் அறிவுரையும் மட்டும். குரலால் பாதிக்கப்பட்ட அன்றாட வாழ்க்கை இரண்டு குழுவிலும் மேம்பட்டது, ஒன்று மற்றதை விஞ்சியதாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. பயிற்சி வீண் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. பாப்பாவுக்கு அந்தக் குமிழிதான் முதல் நம்பிக்கையைக் கொடுத்தது. ஆனால் பிள்ளையை மட்டும் மாற்றிவிட்டு வீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இதில் இடமில்லை.

எட்டாத இடத்தில் இருக்கிற சிகிச்சை பாதிச் சிகிச்சைதான். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பு தொடங்கியதே 1995-இல்தான். 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இவர்களையும் துணை மருத்துவத் தொழிலினராகப் பட்டியலிட்டது. இந்தியாவில் மைசூர் நிறுவனம் 1965-லேயே வந்துவிட்டது. எங்களுக்கோ சுங்காயிலிருந்து ஈப்போ போய்வர ஒரு நாள், அண்ணனுக்கு ஒரு நாள் சம்பளம். அதனால் தேதிகளுக்கு நடுவில் நான் போனில் காணொளி போட்டுப் பயிற்சி செய்ய வைத்தேன். என் நோட்டின் இரண்டு பக்கத்தைச் சிகிச்சையாளர் நகல் எடுத்துக்கொண்டார். பீடோரிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் வருகிறானாம்.

ஏழு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மேடு சிறுத்திருக்கிறது, போய்விடவில்லை. சாயங்காலத்தில் இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. தேவார வகுப்புக்கு மறுபடியும் போகிறாள், பின்வரிசைதான், அது அவளே கேட்டு வாங்கியது. போன வாரம் அண்ணன் போன் செய்தார். டியூஷனிலிருந்து புகார் வந்திருக்கிறதாம், பாப்பா இப்போது பக்கத்துப் பிள்ளையோடு ஓயாமல் பேசுகிறாளாம். "என்னா செய்யச் சொல்ற?" என்று என்னிடம் கேட்டார். பின்னால் அவள் அண்ணியோடு எதற்கோ வாதாடிக்கொண்டிருப்பது கேட்டது. கத்தவில்லை. நிறுத்தவும் இல்லை.

"தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றேன்.